மண் சுவருக்கு ஆள் வேண்டும்

ராஜபாளையத்திலிருந்து மேற்கே முடங்கியாறு சாலையில் போனால் ஊர் சீக்கிரமே முடிந்துவிடும். அதற்குப் பிறகு மாந்தோப்பும் தென்னந்தோப்பும்தான். நேர் எதிரே மேற்குத் தொடர்ச்சி மலை. சாலை முடிகிற பக்கம் நகராட்சியின் ஆறாவது மைல் நீர்த்தேக்கம், வனத்துறைச் சோதனைச் சாவடி, காட்டாற்றங்கரையில் நீர்காத்த அய்யனார் கோவில். எங்கள் வீட்டுக் குழாயில் வந்த தண்ணீர் இந்த மலை கொடுத்ததுதான். சிறு வயதில் விடுமுறை என்றாலே எங்களுக்கு அய்யனார் கோவில். கட்டுச்சோறு எடுத்துக்கொண்டு போய் ஆற்றிலேயே கிடப்போம். மலைக்கு மேலே மழை பெய்தால் கீழே வெயிலடிக்கும்போதே ஆறு பெருகிவிடும் என்பதால் அம்மா குளிக்காமல் கரையில் உட்கார்ந்து தண்ணீரின் நிறத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். கொஞ்சம் கலங்கினாலும் போதும், எங்களைக் கரையேற்றிவிடுவாள்.

சென்னையில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய பிறகு, அந்த அடிவாரத்தில்தான் மண்ணால் வீடு கட்டக் கற்றுக்கொண்டேன். கொஞ்சம் மாமரம், கொஞ்சம் தென்னை, மீதி மானாவாரி நிலம் என்று இருந்த ஒரு தோட்டத்தைச் சில குடும்பங்கள் கூட்டாக நடத்திக்கொண்டிருந்தன. அவர்களில் இரண்டு மூன்று பேர் கரூர் மாவட்டம் கடவூர்ப் பக்கம் இயற்கை வேளாண்மை முன்னோடி நம்மாழ்வார் அமைத்த வானகம் பண்ணையில் பயிற்சி எடுத்தவர்கள். 2013 டிசம்பரில் அவர் மறைந்த பின், அவரிடம் கேட்டதையெல்லாம் சொந்த நிலத்தில் செய்துபார்க்க வேண்டும் என்று வந்தவர்கள். நான் போய்ச் சேர்ந்தபோது ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டு ஓராண்டு ஆகியிருந்தது. அது 2021 பிப்ரவரியில் வந்தது. அதற்கு முன்பே, 1988 முதல், இந்த மலை சாம்பல் நிற மலை அணிலுக்கான சரணாலயமாக இருந்தது. தோட்டத்து மாமரங்களிலேயே அந்த அணிலை நான் பார்த்திருக்கிறேன். வால் உடம்பைவிட நீளம்.

எங்கள் ஊருக்கும் சிமெண்டுக்கும் உள்ள உறவைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936-ல் ராஜபாளையம் மில்லைத் தொடங்கினார். 1957-ல் மெட்ராஸ் சிமெண்ட்ஸ் வந்தது. இன்றைக்கு நாடறிந்த ராம்கோ சிமெண்ட் அதுதான். விருதுநகர்ப் பக்கம் ஆலை இருக்கும் ஊருக்கே அவர் பெயர், ஆர்.ஆர். நகர். நூல் மில்லும் சிமெண்டும் எங்கள் ஊர்ப் பிள்ளைகளைப் படிக்கவைத்தன. என்னையும்தான். அதனால் நான் மண்ணைக் குழைக்கப் போகிறேன் என்றதும் சித்தப்பா பதறிப்போனார். "ஊரே சிமெண்டுல சோறு திங்குது. நீ படிச்சிட்டு வந்து மண்ணு மிதிக்கப் போறியாத்தா?" என்றார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஏன் பேசாமல் இருந்தாள் என்பது எனக்குப் பின்னால்தான் புரிந்தது.

தோட்டத்தில் கட்டவேண்டியிருந்தது ஒரு பொதுச் சமையற்கூடமும், அதை ஒட்டித் தங்குவதற்கு இரண்டு அறைகளும். சொல்லிக்கொடுக்கப் பக்கத்து ஊரிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். இளவயதில் கரிசல் ஊர்களிலெல்லாம் மண் சுவர் வைத்தவர். பிற்பாடு அந்த வேலை இல்லாமல் போய் மாந்தோப்புக் காவலுக்குப் போய்க்கொண்டிருந்தார். எல்லோரும் தாத்தா என்று கூப்பிட்டோம். அவருடைய மனைவியும் கூட வந்தார். அவரைப் பெரியாத்தா என்போம். சுவருக்குத் தாத்தா, தரைக்கும் பூச்சுக்கும் பெரியாத்தா. அப்படித்தான் அவர்கள் வாழ்நாள் முழுக்க வேலை செய்திருந்தார்கள்.

முதல் நாள் தாத்தா எங்களைத் தோட்டம் முழுக்க நடக்கவைத்தார். ஒவ்வோர் இடத்திலும் மேல்மண்ணை ஓரடி ஒதுக்கிவிட்டு அடிமண்ணை எடுத்தார். மேல்மண்ணில் மட்கு இருக்கிறது, அது வெள்ளாமைக்கு, வீட்டுக்கு அடிமண்தான். எடுத்த மண்ணில் துளி எச்சில் விட்டு உள்ளங்கையில் தேய்த்தார். பிறகு தண்ணீர் சேர்த்துப் பிசைந்து விரல் பருமனுக்குத் திரித்துத் தொங்கவிட்டார். சீக்கிரம் அறுந்தால் மணல் அதிகம். அறாமல் நீண்டுகொண்டே போனால் களி அதிகம். நடுத்தரமாக வந்த மண்ணை உருண்டை பிடித்து இடுப்பு உயரத்திலிருந்து தரையில் போட்டார். உருண்டை சிதறவும் இல்லை, தட்டையாக அப்பிக்கொள்ளவும் இல்லை. நாலு விரிசலோடு உட்கார்ந்தது. "இந்த மண்ணு நிக்கும்" என்றார்.

எங்களில் ஒரு பையன் பொறியியல் படித்தவன். அவன் அதே மண்ணைக் கண்ணாடிப் புட்டியில் போட்டு உப்புத் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி வைத்தான். மணல் உடனே அடியில் இறங்கியது. அதன்மேல் வண்டல். கடைசியில், மறுநாள், மெல்லியதாகக் களி. அளந்து பார்த்தால் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு களி. மண் சுவருக்கு 15 முதல் 30 விழுக்காடு வரை களி இருக்கலாம் என்று நூல்கள் சொல்கின்றன. தாத்தா புட்டியை வாங்கிக் கண்ணுக்கு நேரே பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார். தான் கையால் அறிந்த ஒன்றைக் கண்ணால் பார்ப்பதில் அவருக்கு அப்படியொரு சந்தோஷம். அந்தப் புட்டியை வீட்டுக்கு எடுத்துப்போகட்டுமா என்று கேட்டு வாங்கிப் போனார்.

ராஜபாளையத்துக்குக் கிழக்கே, சாத்தூர் நோக்கிப் போகப் போக மண் கறுத்துவிடும். கரிசல், மழையில் உப்பும். கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். அதில் சுவர் வைத்தால் அதுவும் வெடிக்கும். அப்படியானால் கரிசல் ஊர்க்காரர்கள் எப்படி வீடு கட்டினார்கள் என்று கேட்டேன். கரிசலுக்குக் கீழே இருக்கும் சுக்கான் மண்ணையும், ஓடை மணலையும், வரகு வைக்கோலையும் சேர்த்துக் களியின் கொட்டத்தை அடக்கினார்களாம். வரகு வைக்கோல் லேசில் மக்காது என்பது தாத்தாவின் அனுபவம். நெல் வைக்கோல் கிடைக்கிற இடத்தில்கூட அவர் வரகையே தேடினார். அடிவாரத்தில் எங்களுக்கு அந்தச் சிரமம் இல்லை. செம்மண்ணும் சரளையும் கலந்த மண் காலடியில் இருந்தது.

வானம் தோண்டிக் கருங்கல் அடுக்கினோம். ஆற்றில் கல் கிடக்கிறது, ஆனால் அது காட்டுக்குச் சொந்தம், தொடக்கூடாது. உழுதபோது நிலத்திலிருந்து பொறுக்கி வரப்பில் குவித்திருந்த கல்லே போதுமானதாக இருந்தது. தரைக்கு மேலே முழங்கால் உயரத்துக்குக் கல்; அதற்கு மேல்தான் மண். கரையானும் மழைச் சாரலும் மண்ணைத் தொடாமலிருக்க இது முதல் காவல். இரண்டாவது காவல், கூரையை முன்னால் நன்றாக நீட்டித் தாழ்வாரம் இறக்குவது. காலும் தலையும் நனையாவிட்டால் மண் சுவர் தலைமுறை தாண்டும் என்பது அந்த வேலை தெரிந்த எல்லோரும் சொல்வது.

மண் மிதிப்பதைப் பற்றி நிறைய எழுதலாம். குழியில் மண்ணைக் கொட்டித் தண்ணீர் விட்டு ஊறவைத்து, மறுநாள் வைக்கோலைத் தூவிக்கொண்டே மிதிக்க வேண்டும். குதிகாலால் மிதிப்பது, முன்பாதத்தால் மிதிப்பது, புரட்டிப் போட்டு மறுபடி மிதிப்பது. காலுக்கு அடியில் மண் வழுக்குவது நின்று, காலைப் பிடித்து இழுக்க ஆரம்பிக்கும். அதுதான் பதம். ஒருவர் மிதித்தால் முதுகு போய்விடும். ஆறேழு பேர் தோளில் கை போட்டுச் சுற்றிச் சுற்றி மிதித்தால் வேலை செய்த களைப்பே தெரியாது. பெரியாத்தா பாடுவார். பக்கத்துத் தோட்டத்தில் தேங்காய் வெட்ட வந்தவர்கள்கூட வேலை முடிந்து போகும் வழியில் இறங்கிக் கொஞ்ச நேரம் மிதித்துவிட்டுப் போவார்கள்.

சுவர் ஒன்றரை அடி தடிமன். ஒரு நாளைக்கு ஒரு முழத்துக்கு மேல் ஏற்றக்கூடாது என்பது தாத்தாவின் கண்டிப்பு. ஈர மண் தன் கனத்தைத் தானே தாங்க வேண்டும். அவசரப்பட்டால் வயிறு தள்ளிவிடும். ஒரு வரிசை இறுகியதும் பக்கவாட்டைச் சீவித் தூக்குக்குண்டு விட்டுப் பார்த்துவிட்டு அடுத்த வரிசை. மூலையிலிருந்து தள்ளித்தான் கதவும் சன்னலும் வைக்கவேண்டும் என்பார். மூலைக்கு அருகில் சுவரை வெட்டக்கூடாது. இந்தியத் தர நிர்ணய அமைவனம் 1993-ல் மண் கட்டடங்களை நிலநடுக்கத்துக்குத் தாக்குப்பிடிக்கும்படி கட்டுவதற்கு ஒரு வழிகாட்டியே வெளியிட்டிருக்கிறது. அதன் எண் 13827. அதைப் படித்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. மூலை விஷயம் அதில் இருந்தது. சுவரின் உயரம் அதன் தடிமனைப்போல் எட்டு மடங்கைத் தாண்டக்கூடாது என்பதும் இருந்தது. தாத்தா எந்த வீட்டிலும் அந்த எல்லைக்குப் பக்கத்தில்கூடப் போனதில்லை. பள்ளிக்கூடம் போகாத ஒரு மனிதர் கையில் ஒரு தேசத்தின் தரக்குறிப்பு இருந்தது. அவரைத்தான் நாம் தோப்புக் காவலுக்கு அனுப்பியிருந்தோம்.

கூரைக்குப் பனங்கை. நன்றாக வைரம் ஏறிய பழைய பனையாகப் பார்த்து எடுத்தோம். பழைய வீடு இடித்த இடத்தில் கிடைத்தவை. அதன்மேல் வரிச்சு அடித்து நாட்டு ஓடு. அதுவும் இடித்த வீட்டு ஓடுதான். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்தில் பழைய வீடுகள் இடிபடும் வேகத்துக்கு, பொறுமையாகத் தேடினால் ஒரு வீட்டுக்கான கதவு, சன்னல், உத்திரம் எல்லாம் கிடைத்துவிடுகின்றன.

லாரி பேக்கரை இங்கே நினைத்துக்கொள்ளத் தோன்றுகிறது. இங்கிலாந்தின் பர்மிங்காமில் 1917-ல் பிறந்து, கடைசியில் திருவனந்தபுரத்துக்காரராகவே ஆகி, 2007-ல் மறைந்த கட்டடக் கலைஞர். ஒரு வீட்டுக்கு வேண்டிய பொருளெல்லாம் ஐந்து மைல் சுற்றளவுக்குள் கிடைக்கவேண்டும் என்று காந்தி தன்னிடம் சொன்னதை வாழ்நாள் முழுக்கக் கடைப்பிடித்தவர். எங்கள் கட்டடத்தில் சுண்ணாம்பு தவிர மற்றதெல்லாம் கிட்டத்தட்ட அந்த எல்லைக்குள்ளேயே கிடைத்தன.

சுண்ணாம்பு தொலைவிலிருந்து வந்தது. காளவாசல்கள் பெரும்பாலும் மூடிவிட்டன. சுட்ட கல்லை வாங்கிவந்து தொட்டியில் போட்டுத் தண்ணீர் ஊற்றியபோது அது கொதித்த கொதி குழந்தைகளைத் தூர ஓடவைத்தது. நீற்றிய சுண்ணாம்பைத் தண்ணீருக்கு அடியிலேயே வாரக்கணக்கில் கிடக்கவிட்டோம். கடுக்காயை இடித்து ஊறவைத்து, கருப்பட்டியையும் கரைத்துப் புளிக்கவைத்த தண்ணீரைச் சாந்தில் சேர்த்தோம். புளித்த வாடை தோட்டம் முழுக்க வீசும். மழைச் சாரல் படும் மேற்குச் சுவருக்கும், சமையற்கூடத்தின் உட்பக்கத்துக்கும் இந்தச் சாந்துதான் பூசினோம். மற்ற இடத்துக்கு மண் பூச்சே போதும்.

சுண்ணாம்புக்கும் சிமெண்டுக்கும் மூலம் ஒன்றே, சுண்ணாம்புக் கல். ஆனால் சுண்ணாம்பை ஏறக்குறைய 900 டிகிரியில் சுட்டால் போதும். சிமெண்டுச் சூளைக்கு 1,450 டிகிரி வேண்டும். சுடும்போது கல் வெளியேற்றிய கரியமில வாயுவில் பெரும்பகுதியைச் சுண்ணாம்புப் பூச்சு, காற்றிலிருந்து மெல்ல மெல்லத் திரும்ப எடுத்துக்கொண்டு மறுபடி கல்லாகிறது. எரித்த விறகின் புகை திரும்பாது, அதையும் சொல்லத்தான் வேண்டும். உலகத்தின் மொத்தக் கரியமில வாயு வெளியேற்றத்தில் சுமார் 8 விழுக்காடு சிமெண்டால் வருகிறது. சிமெண்ட் வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். அணைக்கும் பாலத்துக்கும் பல மாடி மருத்துவமனைக்கும் அது வேண்டும். ஒரு குடும்பம் படுத்துறங்கும் ஒற்றை அறைக்கு அது வேண்டியதில்லை என்பதுதான் என் கருத்து. சித்திரை வெயிலில் எங்கள் மண் அறைக்குள் வந்து படுத்துப் பார்த்தவர்கள் யாரும் அதை மறுக்கவில்லை. பகல் வெக்கை ஒன்றரை அடி மண்ணைக் கடந்து உள்ளே வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும்.

சுவரும் கூரையும் முடிந்து தரைக்கு வந்தபோதுதான் நான் உண்மையில் கற்றுக்கொள்ள வேண்டியது ஆரம்பமானது.

சரளை பரப்பி, மண் போட்டு, திமிசுக்கட்டையால் இறுக்கி, மேலே புற்று மண்ணும் சாணமும் கலந்து மெழுகினோம். கொஞ்சம் அடுப்புக்கரித் தூள் சேர்த்தால் கறுத்து மினுங்கும். பெரியாத்தா மெழுகும்போது கை அரைவட்டமாகப் போய்வரும். ஒரு வட்டத்தின் விளிம்பில் அடுத்த வட்டம் உட்காரும். இரண்டாம் மெழுகு ஓடிக்கொண்டிருந்தபோது அவர் தலையை நிமிர்த்திச் சுற்றிலும் பார்த்தார். "சுவர் வைக்கையில ஆம்பளையும் பொம்பளையுமா அம்புட்டுப் பேரு வந்தீக. மெழுகன்னா மட்டும் ஏன் பொம்பளைக மட்டும் வாரீக?" என்று கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. ஆண்கள் வெளியே மரத்தடியில் கதவுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அன்று ராத்திரி எங்கள் வீட்டை நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன். என் அம்மாச்சியின் வீடு மண் வீடு. வெள்ளி, செவ்வாய் தவறாமல் அம்மாச்சியோ அம்மாவோ மெழுகியாக வேண்டும். கல்யாணமாகி வந்த பிறகு அம்மா சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் தறிக்கூடத்துக்கு வேலைக்குப் போனாள். விடியற்காலையில் எழுந்து, தண்ணீர் பிடித்து, சமைத்து, மெழுகிவிட்டுத்தான் போவாள். அப்பா மில் ஷிப்டு முடிந்து வந்து தூங்குவார். வீட்டுக்குச் சிமெண்ட் தரை போட்டு ரெட் ஆக்சைடு தேய்த்த நாளில் அம்மா அந்தத் தரையில் கன்னத்தை வைத்துப் படுத்துக்கொண்டாள். எனக்கு அப்போது ஏழெட்டு வயதிருக்கும், அவள் ஏன் அப்படிப் படுத்தாள் என்று தெரியவில்லை. இனி மெழுகவேண்டாம். வாரத்தில் இரண்டு காலைப்பொழுது அவளுக்குத் திரும்பக் கிடைத்தது. நான் மண் வீடு கட்டப் போகிறேன் என்றபோது அவள் பேசாமல் இருந்ததற்குக் காரணம் இதுதான்.

மண் வீடு ஏன் ஒழிந்தது என்று கேட்டால், மழையில் கரையும், கரையான் அரிக்கும், பாம்பு வரும் என்றெல்லாம் சொல்கிறோம். நான் அடிவாரத்தில் கற்றது வேறு. மண் வீட்டுக்கு ஆண்டுதோறும் பராமரிப்பு வேண்டும். தைப்பொங்கலுக்கு முன்னால் தெருவே சேர்ந்து சுவர் பூசி, வெள்ளையடித்து, தரை போட்டுக்கொண்டிருந்த காலம் வரை மண் வீடு நின்றது. மில் சங்கும் தறிச் சத்தமும் அந்தப் பொழுதை எடுத்துக்கொண்டன. கூடிச் செய்த வேலை ஒவ்வொரு வீட்டுப் பெண்ணின் தலையிலும் தனித்தனியாக விழுந்தது. அவள் சிமெண்டைக் கேட்டதில் ஒரு நியாயக்கேடும் இல்லை.

ஆப்பிரிக்காவின் மாலி நாட்டில் ஜென்னே என்று ஓர் ஊர். அங்கே 1907-ல் கட்டிய பெரிய மசூதி முழுக்க மண். 1988-ல் யுனெஸ்கோ அந்த ஊரையே உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. ஒவ்வோர் ஆண்டும் மழைக்காலத்துக்கு முன் ஊர் முழுக்கத் திரண்டு அந்த மசூதிக்குப் புதிதாக மண் பூசுகிறது. அது அவர்களுக்குத் திருவிழா. நம் தென்மாவட்டங்களில் அய்யனாருக்குப் புரவி எடுக்கும் ஊர்களும் அப்படித்தான். வேளார் பிடிமண் வாங்கிக் குதிரை செய்து சுட்டுத் தருகிறார். ஊர் கூடித் தூக்கிக்கொண்டு போய்க் கோவிலில் வைக்கிறது. பழைய குதிரை வெயிலிலும் மழையிலும் உடைந்து மண்ணோடு சேர்கிறது. அழியக்கூடிய ஒன்றைத் திரும்பத் திரும்பச் சேர்ந்து செய்வதில் நமக்கு வெட்கம் இருந்ததில்லை. சாமிக்குச் செய்ததை வீட்டுக்குச் செய்யவும் தெரிந்தவர்கள்தான் நாம்.

பெரியாத்தாவின் கேள்விக்குப் பிறகு தோட்டத்தில் பெரிய பேச்சு நடந்தது. கசப்பும் வந்தது. ஒரு குடும்பம் பொதுச் சமையற்கூடத்துக்கு டைல்ஸ் போட்டுவிடலாம் என்றது. கடைசியில், தோட்டத்தில் தங்குகிற யாராக இருந்தாலும் மெழுகும் முறையில் பெயர் வரவேண்டும், சாப்பிடுகிறவர் எல்லோரும் மெழுகுகிறவர் என்று முடிவானது. அடுப்பு, பாத்திரம், கழிப்பறை எருக்குழி எல்லாவற்றுக்கும் அதே முறை. பொறியியல் பையனுக்குக் கை வந்துவிட்டது. பெரியாத்தாவே அவன் மெழுகிய தரையைக் காட்டிப் பேசுவார். இயற்கை வாழ்வு என்று சொல்லிக்கொள்ளும் இடங்களுக்குப் போனால் நான் இப்போதும் முதலில் பார்ப்பது இதைத்தான். குதிரைவாலிச் சோறும் செக்கு எண்ணெயும் எங்கும் இருக்கின்றன. குளித்த தண்ணீர் வாழைக்குப் போகிறது. அதெல்லாம் நல்லது. அடுப்படியில் நிற்பது யார், கழுவுவது யார் என்று பார்த்தால்தான் அந்த இடம் நிலைக்குமா நிலைக்காதா என்று தெரியும்.

அந்த ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. காட்டாறு பெருகி, கோவிலுக்குப் போக வனத்துறை தடை போட்டது. காற்று திரும்பி அடித்ததில், இன்னும் சாந்து பூசாமல் விட்டிருந்த வடக்குச் சுவர் நனைந்து மேல்தோல் உரிந்து இறங்கியது. காலையில் பார்த்தவர்கள் பதறினார்கள். தாத்தா உரிந்து கிடந்த மண்ணை அள்ளிச் சட்டியில் போட்டார். அதே மண்ணைக் குழைத்து அதே சுவரில் பூசினோம். மழை விட்ட ஒரு பகலில் வேலை முடிந்தது. கடையிலிருந்து ஒன்றும் வாங்கவில்லை. கான்கிரீட் வெடித்தால் கம்பி துருப்பிடிப்பதை வெளியிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கத்தான் முடியும். மண் சுவரை அந்த வீட்டுக் குழந்தைகூடச் சரிசெய்யலாம்.

தாத்தா, பெரியாத்தாவின் சொந்த வீடும் மண் வீடுதான், பனையோலைக் கூரை. 2024-ல் தமிழக அரசு கலைஞர் கனவு இல்லம் திட்டத்தைத் தொடங்கியது. 2030-க்குள் குடிசையே இல்லாமல் செய்வது நோக்கம். 360 சதுர அடியில் கான்கிரீட் கூரை வீட்டுக்கு 3.50 லட்சம் ரூபாய். அவர்கள் பெயர் பட்டியலில் வந்தது. பழைய வீட்டை இடித்த அன்று நாங்கள் எல்லோரும் போயிருந்தோம். சுவர் லேசில் விழவில்லை. கடப்பாரை போட்டவர்கள் திணறினார்கள். தாத்தா முகத்தில் பெருமை தெரிந்தது. "அப்பாரு வச்ச சுவரு" என்றார். புது வீடு வேண்டாம் என்று நாங்கள் யாரும் சொல்லவில்லை; சொல்வதற்கு எங்களுக்கு உரிமை கிடையாது. மழைக்கு ஓலை மாற்ற ஆளில்லாமல் அந்த வயதில் அவர்கள் பட்ட பாடு எங்களுக்குத் தெரியும். ஆனால் அதே 3.50 லட்சத்தில், தாத்தாவையே மேஸ்திரியாக வைத்து, கல் அடித்தளமும் மண் சுவரும் ஓட்டுக் கூரையுமாக ஒரு வீடு கட்டலாம் என்று அரசுத் திட்டம் ஒன்று சொல்லியிருந்தால், அந்த ஊரில் இன்னும் நாலு பேருக்கு வேலையும் வித்தையும் கிடைத்திருக்கும். மண் வீடு என்றாலே வறுமை என்று கணக்கெடுக்கிற வரைக்கும் அது நடக்காது.

வித்தை முழுக்க அழிந்துவிடவில்லை. ஆரோவில்லில் 1989 முதல் மண் கட்டடத்துக்கென்றே நிறுவனம் இருக்கிறது; அழுத்திச் செய்த மண் கற்களால் கட்டிய அங்குள்ள வரவேற்பு மையத்துக்கு, ஏழைகளுக்கான கட்டடக் கலை பற்றிப் பேசிய எகிப்தியக் கலைஞர் ஹசன் ஃபாத்தியின் பெயரிலான விருது 1992-ல் கிடைத்தது. திருவண்ணாமலையில் பிஜு பாஸ்கரின் தணல் அமைப்பு பழைய கைமுறைகளைத் தேடிப் பதிவு செய்து கற்றுத்தருகிறது. அங்கெல்லாம் கற்க வருகிறவர்கள் பெரும்பாலும் நகரத்துப் பிள்ளைகள். கற்றுவிட்டுப் போகட்டும், நல்லதுதான். நான் ஏங்குவது வேறொன்றுக்கு. விருதுநகர் மாவட்டத்து ஐ.டி.ஐ. ஒன்றில் மண் சுவரும் சுண்ணாம்புச் சாந்தும் ஒரு பாடமாக வேண்டும். வகுப்பெடுக்க இப்படிப்பட்ட தாத்தாக்களையும் பெரியாத்தாக்களையும் சம்பளம் கொடுத்துக் கூப்பிட வேண்டும். சித்தாளாகவே காலம் கழித்த பெண்களுக்குக் கொத்தனார் கூலியும் பெயரும் கிடைக்க வேண்டும்.

அம்மா ஒருமுறை தோட்டத்துக்கு வந்தாள். மெழுகிய தரையைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு, "இது யாரு மெழுகினது?" என்று கேட்டாள். பொறியியல் பையனைக் காட்டினேன். அவள் அவனை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு அந்தத் தரையிலேயே உட்கார்ந்து சாப்பிட்டாள்.

மண் வீடு கட்ட ஆசைப்பட்டு இப்போது என்னிடம் பலர் யோசனை கேட்கிறார்கள். என்ன மண், எவ்வளவு செலவு, எத்தனை வருடம் தாங்கும் என்பதெல்லாம் இரண்டாவது. வருடத்துக்கு ஒருமுறை உங்களோடு நின்று சுவர் பூச யார் வருவார்கள், வீட்டைத் தினமும் பார்த்துக்கொள்வது யார் என்று முதலில் உங்கள் வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள். அந்தப் பதிலில் ஆண்கள் பெயர் இல்லையென்றால் தயவுசெய்து செங்கல்லிலேயே கட்டிக்கொள்ளுங்கள். இருந்தால், உங்கள் ஊரில் மண் சுவர் வைத்த பெரியவர்கள் யாராவது இன்னும் இருக்கிறார்களா என்று விசாரியுங்கள். கூலியில் ஒரு ரூபாயும் குறைக்காமல், வருகிற தையிலேயே அவர்களை வேலைக்கு அழையுங்கள். அவர்களுக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது.